என் குரலில் போன பழி

எங்கள் பக்கத்தில் யாராவது இறந்துபோனால் சனம் அதை முதலில் கேட்பது என் குரலில்தான். சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன ஒலிபெருக்கிக் கடை இருக்கிறது. கலியாணம், திருவிழா, விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியும் மைக்கும் வாடகைக்குக் கொடுப்பேன். அறிவித்தலும் நானே செய்வேன். மரண அறிவித்தல் என்றால் ஓட்டோவின் மேல் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக, ஒரு சந்துகூட விடாமல், போகவேண்டும். முற்றம் கூட்டுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலை. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தில் "இறக்கம்" என்று நான் சொன்னால்கூட முன் சீற்றில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

பிரதேச சபைத் தேர்தல் வந்தால் கடையில் வேலை கூடும். எந்தக் கட்சி கேட்டாலும் பதிவு செய்து கொடுப்பேன். "குரல் வாடகைக்கு, வாக்கு என்னோடை" என்று சிரித்துச் சொல்வது என் வழக்கம். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமையும் இருந்தது. எந்தப் பக்கமும் சாயாத மனிதன் என்ற பெருமை.

போன தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் உண்மையான போட்டி இரண்டு பேருக்கு இடையில்தான். ஒருவர் விவசாயக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகள் கனடாவில். முன்பும் ஒருமுறை சபையில் இருந்தவர். மற்றவர் புதிதாக வந்த ஒரு வியாபாரி. வியாபாரிக்குப் பிரசார வேலை பார்த்தவன் என்னோடு ஒரே வகுப்பில் படித்த நண்பன்.

வாக்களிப்புக்கு இரண்டு கிழமை இருந்திருக்கும். நண்பன் காலையில் கடைக்கு வந்து ஒரு கடதாசியை மேசையில் வைத்தான்.

"மச்சான், இதை ஒருக்கா வாசிச்சுப் பார். உடனை வேணும்."

ஓய்வு பெற்ற ஒரு வேட்பாளர் தன் வயதான தாயை முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறார், அப்படிப்பட்டவருக்கு வாக்களிக்கலாமா என்று மக்கள் யோசிக்க வேண்டும், என்று அதில் எழுதியிருந்தது. பெயர் இல்லை. பெயர் தேவையும் இல்லை. வட்டாரத்தில் எல்லாருக்கும் ஆள் யாரென்று விளங்கும்.

"அவர் முந்திச் சபையிலை இருக்கேக்கை வாய்க்கால் வேலையை அரைவாசியிலை விட்டவர். அதைச் சொல்லன்" என்றேன்.

"வாய்க்கால் கதையை ஆர் கேக்கிறான்? இதெண்டால் சனம் நிண்டு கேக்கும்."

"உது உண்மையோ?"

"உண்மைதான். வேணுமெண்டால் போய்ப் பார். பொய்யை நான் உன்னட்டைக் கொண்டு வருவனோ?"

உண்மை என்று சொன்னதும் எனக்கு மேலே கேட்க ஒன்றும் இருக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் நான் அதுவரை வைத்திருந்த கட்டுப்பாடு. இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடதாசியில் இருந்த வசனம் சப்பென்று இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. நண்பன் கேட்காமலேயே பேனையை எடுத்து, எழுதியிருந்ததை வெட்டிவிட்டு, கீழே இப்படி எழுதினேன்:

"பெற்ற தாயை வைத்துப் பார்க்க மனமில்லாதவர், உங்கள் ஊரை வைத்துப் பார்ப்பாரா?"

நண்பன் வாசித்துவிட்டு என் முதுகில் தட்டினான். "இதுக்குத்தான்டா உன்னட்டை வாறது."

பதிவு செய்யும்போது மரண அறிவித்தலுக்கு வைத்திருக்கிற குரலை எடுத்தேன். மெதுவாக, தொண்டைக்குள் கொஞ்சம் ஈரத்தோடு. "மனமில்லாதவர்" என்ற இடத்தில் நிறுத்தி ஒரு மூச்சு விட்டேன். ஒரே தடவையில் சரியாக வந்தது. திரும்பப் போட்டுக் கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

மத்தியானமே ஓட்டோக்கள் புறப்பட்டன. பின்னேரம் அதற்கு ஒரு கிழவியின் படத்தையும் ஒட்டிப் போன்களில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். யாரோ ஒரு கிழவி, எங்கிருந்தோ எடுத்த படம். இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி அதைத் தன் போனில் போட்டுக் கேட்டாள். முழுவதும் கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"உந்த வசனம் அவை தந்ததோ, நீங்கள் எழுதினதோ?"

"அவை தந்தது" என்றேன்.

அவள் பிட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு அழைப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. வருடா வருடம் அவர்களுடைய விழாவுக்கு நான்தான் மைக் கட்டுவேன். அழைத்தது அங்கே பொறுப்பாக இருக்கிற சிஸ்டர்.

"வசதிப்பட்டால் ஒருக்கா வந்திட்டுப் போங்கோ, தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

வேட்பாளரின் தாய் இருப்பது அந்த இல்லத்தில்தான் என்று நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை. முதியோர் இல்லம் என்று வாசித்தபோது அது எனக்கு ஒரு சொல், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளில் போகும் வழியெல்லாம் அந்த அம்மா கேட்டிருப்பாவோ, கேட்டு என்ன நடந்திருக்குமோ என்றே மனம் ஓடியது. கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிடக்கிறாவோ? மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாவோ? நாளைக்கு அந்த வீட்டு மரண அறிவித்தலையும் நான்தான் வாசிக்க வேண்டி வருமோ? வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கினேன்.

சிஸ்டர் என்னை விறாந்தையில் இருத்தினார்.

"முந்தநாள் அந்த ஓட்டோ இதிலை, சந்தியிலை நிண்டு திருப்பித் திருப்பிப் போட்டது. அந்த அம்மா இதே இடத்திலைதான் இருந்தவ."

"கேட்டவவோ, சிஸ்டர்?"

"கேட்டவ. தன்னைப் பற்றித்தான் எண்டு அவவுக்கு விளங்கேல்லை. அவவுக்கு ஞாபகம் தவறிக் கன காலம். 'ஆர் பிள்ளை அந்தத் தாய்? பாவம், சாப்பிட்டவவோ எண்டு கேளுங்கோ' எண்டு என்னட்டைச் சொன்னவ."

எனக்கு முதலில் வந்தது ஆறுதல்தான், உள்ளதைச் சொல்கிறேன். நெஞ்சில் இருந்த கல்லை யாரோ தூக்கி எடுத்தது மாதிரி இருந்தது. அவவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த அம்மா, தன் மகனைப் பழிக்கத் தன்னையே பயன்படுத்திய குரலைக் கேட்டு, யாரோ ஒரு தாய் சாப்பிட்டாவோ என்று கவலைப்பட்டிருக்கிறா.

மிச்சத்தையும் சிஸ்டர் சொன்னார். அந்த அம்மா இரண்டு தடவை வீட்டை விட்டு வெளிக்கிட்டு ஏ-ஒன்பது வீதியில் பஸ்களுக்கு நடுவில் நின்றிருக்கிறா. வீட்டில் பூட்டி வைக்க மனமில்லாமல்தான் மகன் இங்கே கொண்டுவந்தாராம். தினமும் நாலு மணிக்கு வந்து தேத்தண்ணி பருக்கிவிட்டுப் போவாராம். பிரசார நாட்களிலும் தவறவில்லையாம்.

உள்ளே போய் அம்மாவைப் பார்த்தேன். சிறிய உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை.

"ஆற்றை பிள்ளை நீர்?" என்று கேட்டா. நான் அப்பாவின் ஊரைச் சொன்னேன். அவ கண்ணைச் சுருக்கினா.

"உம்மடை குரல் எங்கையோ கேட்ட குரல்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"கோயிலிலையோ?" என்றா.

"ஓம் அம்மா. கோயிலிலைதான்."

அங்கிருந்து நேரே நண்பனின் பிரசாரக் கந்தோருக்குப் போனேன். ஓட்டோக்களை நிறுத்தச் சொன்னேன். அவன் நம்பாமல் சிரித்தான்.

"பொய்யெண்டு அதிலை ஒரு சொல்லுக் காட்டு பாப்பம்."

காட்ட முடியவில்லை. தாய் இருப்பது இல்லத்தில்தான். "மனமில்லாதவர்" என்ற சொல்தான் பொய். ஆனால் மனத்தை யார் காட்டுவது? அந்தச் சொல்லையும் அவன் கொண்டுவரவில்லை. நான் போட்டது.

"அது அவையின்ரை வீட்டு விசயம்" என்றேன்.

"சபைக்கு வாறவனுக்கு வீட்டு விசயம், நாட்டு விசயம் எண்டு ஒண்டும் இல்லை. காசு வாங்கிப் பதிவு செய்தனி. இனி அது எங்கடை சாமான். போயிட்டு வா."

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "அந்த வசனம் நான் எழுதினது" என்றேன்.

"தெரியும். அவைக்கு அப்பிடி எழுத வராது."

என் குரலிலேயே மறுப்புச் சொல்வது என்று முடிவு செய்தேன். முதலில் எழுதியதில் அந்த அம்மாவின் மறதி வருத்தத்தையும் மகன் தினமும் போவதையும் சேர்த்திருந்தேன். அவருக்கு நல்லது செய்வதாக நினைப்பு. மனைவி அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இதையும் எடுங்கோ. இதுவும் அவையின்ரை வீட்டுக் கதைதானே? நல்லதெண்டாலும் ரோட்டிலை சொல்ல உங்களுக்கு ஆர் அனுமதி தந்தது?"

எடுத்துவிட்டேன். அவள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அறிவித்தல் குரல் எதுவும் இல்லாமல், சாப்பாட்டு மேசையில் கதைக்கிற மாதிரிச் சொன்னேன்:

"மூண்டு நாளா ஒரு வேட்பாளரின்ரை குடும்பத்தைப் பற்றி என்ரை குரலிலை ஒரு அறிவித்தல் போகுது. அந்த வசனத்தை எழுதினதும் நான், வாசிச்சதும் நான். ஒருவற்றை வீட்டுக் கவலையை எடுத்து ரோட்டிலை போட்டது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆருக்கு வாக்குப் போடுறதெண்டு நான் சொல்லேல்லை. வாய்க்காலைக் கேளுங்கோ, தண்ணியைக் கேளுங்கோ, ரோட்டைக் கேளுங்கோ. கேட்டுப்போட்டு வாக்குப் போடுங்கோ."

என் போனில் இருந்த எல்லாருக்கும் அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் நண்பன் அழைத்தான். அவன் ஏசியதை இங்கே எழுத முடியாது. கடைசியில், "இனி அதை என்னெண்டு போடுறது? போட்டால் சனம் சிரிக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டான். பின்னேரம் ஓட்டோக்கள் வேறு பதிவைப் போட்டுக்கொண்டு போவதைக் கேட்டேன். வாய்க்காலைப் பற்றியது. வேறு யாரோ வாசித்திருந்தார்கள். நன்றாக இல்லை. அதைக் கேட்டு நான் சந்தோசப்பட்டேன்.

மறுநாள் காலை கடை திறந்து கொஞ்ச நேரத்தில் அந்த வேட்பாளரே சைக்கிளில் வந்து இறங்கினார். தனியாக வந்திருந்தார். அடித்தாலும் வாங்குவது என்று எழும்பி நின்றேன். அவர் கதிரையை இழுத்து இருந்தார்.

"தம்பி, ரெண்டு நாளா வீட்டுப் படலையைத் திறக்கவே எனக்குக் கூச்சமாக் கிடந்தது" என்றார். "சொன்னது பொய்யெண்டால் சண்டைக்கு வந்திருப்பன். நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைத்தான் நீர் ஒலிபெருக்கியிலை கேட்டனீர்."

"நான் செய்தது பிழை, அண்ணை."

"அது நேற்றுக் கேட்டன். அதுக்காக வரேல்லை." கதிரையை முன்னுக்கு நகர்த்தினார். "நீர் அங்கை போனதாக் கேள்விப்பட்டன். அம்மா அந்த அறிவித்தலைக் கேட்டவவோ? சிஸ்டரிட்டைக் கேக்க எனக்குப் பயமாக் கிடக்கு. நாலு மணிக்குப் போவன், முகத்தைப் பாத்திட்டுக் கேக்காமலே வந்திடுவன்."

சிஸ்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தத் தாய் சாப்பிட்டாவோ என்று கேட்கச் சொன்னதையும் சொன்னேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அவ அப்பிடித்தான். வீட்டுப் படலையடியிலை ஆர் வந்து நிண்டாலும் முதல் கேள்வி அதுதான்."

போகும்போது, "வாய்க்கால் வேலையை நான் முடிக்காமல் விட்டது உண்மைதான். அதை நீர் வாசிச்சிருந்தால் எனக்குப் பதில் இல்லை" என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

தேர்தலில் அவர்தான் வென்றார். வித்தியாசம் அதிகமில்லை. முடிவு வந்தபோது நான் விட்ட பெருமூச்சைக் கேட்டு, பக்கத்துக் கடைக்காரர் நான் வென்றவருடைய கட்சி ஆள் என்று நினைத்திருப்பார். தோற்றிருந்தால், அந்தச் சில வாக்குகளை என் வசனம் தின்றதோ என்று சாகும்வரை கணக்குப் பார்த்திருப்பேன். வென்றதால் தப்பினேன். அது என் நல்ல காலம். என் நல்ல குணம் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்த அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில நேரம் நினைப்பேன். அவர் தினமும் போகாத மகனாக இருந்திருந்தால், அப்போது அது சொல்லத்தக்க விசயமாகி இருக்குமா என்றும் நினைப்பேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவர் நல்ல மகன் என்று தெரியாமல் இருந்திருந்தால், நான் மறுப்புச் சொல்லியிருப்பேனா?

நண்பன் சில மாதம் என்னோடு கதைக்கவில்லை. சந்தையில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிவிடுவான். பிள்ளைப் பருவத்திலிருந்து வந்த சிநேகிதம் முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் அவன் கடை வாசலில் வந்து நின்றான். என்னைப் பார்க்காமல் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தான்.

"மகள் பெரியபிள்ளையாகீட்டாள். சாமத்தியவீடு வருது" என்றான். "எங்கடை வீட்டு வளவுக்கு நாலு பெட்டி காணுமோ?"

"நாலு போதும், மச்சான்" என்றேன். "வந்து இரு."

அவன் வந்து இருந்தான்.