துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

ஜப்பான்காரர்கள் வந்த புதிதில் தோட்டத்துத் துப்பாக்கிகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு ரப்பர் மரங்களை ஒட்டி மரவள்ளி நடச் சொன்னார்கள். கிழங்கு பிடிக்கத் தொடங்கியதும் காட்டுப்பன்றிகள் வந்தன. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் தகரம் தட்டினார்கள், தீ மூட்டினார்கள். ஒரு பக்கம் ஓடிய பன்றிகள் மறுபக்கம் வந்து தோண்டின. கடைசியில், ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் வேட்டை ரைபிளை மட்டும் திருப்பிக் கொடுத்து, அதற்கு என் கணவரைப் பொறுப்பாக்கினார்கள். அவர் தோட்டத்துக் கிராணி. பேர் பதிந்து, கணக்கு எழுதிப் பழகியவர்.

தோட்டா கொஞ்சம்தான் கொடுத்திருந்தார்கள். சுட்டபின் வெற்றுக் கூட்டைப் பக்கத்து ஊர் பீடோங்கிலிருந்த ஜப்பான் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அடுத்து வரும்போது பன்றி விழுந்திருக்காவிட்டால் துப்பாக்கியும் போய்விடும் என்று சொல்லியிருந்தார். துப்பாக்கி போனால் கிழங்கும் போகும். என் மகளுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. என் பால் அவளுக்குப் போதவில்லை. அரிசி கண்ணில் படாத காலம். மரவள்ளி மாவுக் கஞ்சியில்தான் அவளை வளர்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே ஒவ்வொரு வேட்டும் எனக்கு அவளுடைய கிண்ணத்தைப் பற்றிய விஷயம்.

முதலில் என் கணவர் நன்றாகத்தான் சுட்டார். ஆயுத பூஜை கழிந்து சில வாரங்களில் குறி தவறத் தொடங்கியது.

"விசை இறுகிப்போச்சும்மா," என்றார். "மெதுவா இழுத்தா அசையல. பலமா இழுத்தா குழாய் வலப்பக்கம் ஓடுது."

ஒரு தோட்டா ரப்பர் மரத்தில் பாய்ந்து, மரத்திலிருந்து பால் வடிந்தது. அடுத்த வீட்டு அக்கா பால் மரம் வெட்டுகிறவள், அதாவது கத்தியால் பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கிறவள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் கேட்க, துப்பாக்கியை மலாயில் செனாப்பாங் என்றே அழைக்கும் அவள் சொன்னாள்: "கிராணியய்யா செனாப்பாங்காலேயே மரம் வெட்ட ஆரம்பிச்சிட்டாரு லா! இனி நமக்குக் கத்தி எதுக்கு?"

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

என் கணவர் பீடோங்கில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவரிடம் விசாரித்துவிட்டு வந்தார். விசை விழுகிற கொக்கியை அரத்தால் கொஞ்சம் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும் என்றாராம் அவர். உள்ளிருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்தாலும் இலகுவாகும் என்று இன்னொரு வழியும் சொன்னாராம். இவருக்கு ஸ்பிரிங் யோசனை பிடித்திருந்தது.

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே யோசித்தேன். "கொக்கியைத் தேய்ச்சு, லேசா இடிச்சாலே வெடிச்சிட்டா? புள்ள தவழ்ற வீடுங்க. ஸ்பிரிங்கை வெட்டினா, அவங்க துப்பாக்கியத் திரும்பக் கேக்கறப்ப ஒட்டியா குடுப்பீங்க? நம்ம பொருளா அது?"

"சரி, டீச்சரம்மா என்ன சொல்றாங்க?" பட்டணத்துப் பள்ளியில் நான் படித்ததால் கோபம் வந்தால் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"கழட்டிப் பார்ப்போங்க. என் தையல் மெஷின் இறுகினா மொதல்ல அதைத்தான் செய்யறேன்."

சொல்லிவிட்டேன். துரையின் துப்பாக்கி எங்கே, என் மெஷின் எங்கே? கழற்றியதைத் திரும்பப் பூட்ட முடியாமல் போனால்? அவருக்கு வரும் தண்டனையை நானே தேடிக் கொடுத்ததாகாதா? ஆனாலும், அரம் பட்டது பட்டதுதான். கழுவுவதில் அப்படி எதுவும் போய்விடாது என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன்.

மறுநாள் காலை குழந்தையை அக்கா வீட்டில் விட்டேன். தோட்டாக்களைத் தகர டப்பாவில் போட்டு அதையும் அங்கேயே கொடுத்தேன். அவர் துப்பாக்கியைத் திறந்து காலி என்று காட்டினார். எனக்குப் போதவில்லை, மறுபடி காட்டச் சொன்னேன். பிறகு மெஷின் திருப்புளியால் ஆணிகளைக் கழற்றி, எடுத்த வரிசையிலேயே வெள்ளைத் துணியில் அடுக்கினேன்.

விசையின் இடுக்கில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ கெட்டியாகப் படிந்திருந்தது. துரு என்றார் அவர். விளக்கிலிருந்த மண்ணெண்ணெயைத் தொட்டுத் துடைத்தோம். எண்ணெய் கறுத்ததே தவிர அது கரையவில்லை. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். லேசாகச் சந்தன வாசனை.

எழுந்துபோய் என் தையல் மெஷினைப் பார்த்தேன். அதன் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகாத பொட்டு. அப்போதுதான் விளங்கியது. பூஜையன்று கோயிலில் பால் கத்தி, வாளி, மெஷின் எல்லாவற்றோடும் ரைபிளையும் வரிசையில் வைத்திருந்தோம். சந்தனம் கிடைக்காத காலம் என்பதால் இருந்த துளியில் மரவள்ளி மாவைக் கலந்து குழைத்தவள் அக்கா. பன்றியைக் கொல்லப் போகிற சாமி என்று விசையின் மேலேயே குங்குமத்தோடு தாராளமாக அப்பியவளும் அவள்தான். சந்தனமா அது? பசை!

"கஞ்சி போட்ட துணிய மண்ணெண்ணெயிலயா அலசுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பில் வெந்நீர் வைத்தேன்.

வெந்நீரில் ஊறியதும் அது குழைந்து, உரிந்து வந்தது. துடைத்து, அடுப்பின் அனலில் ஈரம் போகக் காயவைத்து, மெஷின் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தேன். கடைசிச் சொட்டுகள். போர் முடியும்வரை வேறு எண்ணெய் கிடைக்காது என்று தெரிந்தேதான் விட்டேன். பூட்டிக் கொடுத்ததும் அவர் காலித் துப்பாக்கியைச் சுவர்ப்பக்கம் நீட்டி விசையை இழுத்துப் பார்த்தார். சின்னதாக ஒரு 'டிக்'. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி இழுத்தார்.

அதன் பிறகு தினமும் காலித் துப்பாக்கியின் குழாய் மேல் ஒரு புளியங்கொட்டையை என்னை வைக்கச் சொல்லி, அது விழாமல் விசையை இழுத்துப் பழகினார். முதலில் விழுந்தது. பிறகு விழவில்லை.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின மாலை, பொழுது சாயும்போது என் கணவர் மரவள்ளிக் கொல்லைக்குப் போனார். நான் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஊட்டினேன் என்று பேர். அந்தச் சிறிய ஆணியைச் சரியாக முறுக்கினேனா என்பதே நினைப்பு. முறுக்கினேன். முறுக்கினேனா?

ஒரே ஒரு வேட்டுச் சத்தம். குழந்தை திடுக்கிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே வேட்டு என்றால் விழுந்ததா, ஓடியதா? அல்லது துப்பாக்கியே அவர் கையில்...

"கிராணியம்மா!" அக்காவின் குரல் பாதையிலிருந்தே வந்தது. "பெரிய சட்டியாப் பார்த்துக் கழுவி வை! ஆறு ஆள் சேந்தும் தூக்க முடியல லா!"

மறுநாள் அதிகாரி பன்றித் தலையைப் பார்த்தார், வெற்றுக் கூட்டை வாங்கிக்கொண்டார், துப்பாக்கியைக் கேட்கவில்லை. லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கறி போயிற்று. பங்கு வைக்கும் இடத்தில் என் கணவர் எல்லோர் முன்னாலும், "சுட்டதுதான் நான். சுட வச்சது எங்க டீச்சரம்மா," என்றார். அந்தப் பேரை அவர் கோபமில்லாமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

கிழங்கு தப்பியது. அதைத் தின்றுதான் என் மகள் எழுந்து நடந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் பன்றி விழுந்ததற்கு அடுத்து வந்த ஆயுத பூஜையில் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு துப்பாக்கியை நெருங்கியதும் லயமே அதன் மரப்பிடியைக் காட்டிக் கத்தியது:

"அக்கா, கட்டையில வை! கட்டையில!"

அக்கா கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "நீயே வை தாயி. உனக்குத்தான் அது எங்க வலிக்கும்னு தெரியும்."

நானே வைத்தேன்.