நான் காட்டிய வேதக்கோயில்

அந்தக் குகை வேதக்கோயிலே இல்லை. கோயில் என்று பொய் சொல்லி, ஒரு பெண்ணை அங்கே மண்டியிட வைத்தவன் நான்!

இதை முதல்முறையாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் என் டீக்கடை. எனக்கு வாய் அதிகம். மலைமேல் ஒரு குகைக்குள் ஆதிகாலத்துக் கிறிஸ்தவர்கள் ஜெபம் செய்த வேதக்கோயில் இருப்பதாகத் தேன் எடுப்பவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். கேட்டதை, பார்த்ததாகச் சொன்னேன். பாறையில் வெட்டிய சிலுவை, சுவரில் விளக்குப் புகை... வருஷா வருஷம் சாரல் காலத்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனேன்.

“டீயவிட அண்ணாச்சி பேச்சுலதாம்லே சீனி கூட!” என்பார்கள். சிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் தென்காசியிலிருந்து எஸ்தர் வந்தாள். முந்தானையில் மெழுகுவர்த்தி முடிந்திருந்தாள். புருஷனுக்குக் காசநோய்.

“ரத்தமா கக்குதாக அண்ணாச்சி. நீங்க பாத்த கோயிலுக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க. அங்கன ஒரு திரி கொளுத்துனா பொழச்சிருவாக.”

‘நான் பார்த்ததில்லை அம்மா’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் பெஞ்சு நிறைய ஆட்கள்... அவர்கள் முன்னால் என் வாய் பொய்யாகிப்போவதா?

கூட்டிப்போனேன். மழை. காலெல்லாம் அட்டை. தேன் எடுப்பவர்கள் ஒதுங்கிச் சோறு பொங்குகிற குகை ஒன்று எனக்குத் தெரியும். உள்ளே பாறையில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு விரிசல். அதைக் காட்டி, “இதுதான்” என்றேன்.

அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுப்புப் புகை படிந்த சுவரைப் பார்த்து, “எந்தக் காலத்து விளக்கோ!” என்று அழுதாள்.

புரட்டாசி கழியுமுன் அவள் புருஷன் இறந்துபோனான். துக்கத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன்... நம்புங்கள்! அவள் முந்திக்கொண்டாள்.

“எம்மேலதான் குத்தம் அண்ணாச்சி. அட்டை கடிக்குதுன்னு ஏறும்போது மனசுக்குள்ள சடச்சிக்கிட்டேன். அதான் ஆண்டவர் கேக்கல.”

நான் என்ன செய்தேன்? உண்மையைச் சொல்லாமலே கடைக்குத் திரும்பினேன். பேசியே கடை நடத்தியவன்!

இப்போது சாரல்தோறும் வருகிறாள், அந்த விரிசலிடம் மன்னிப்புக் கேட்க. நான்தான் முன்னால் நடக்கிறேன். செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிடுகிறாள். அட்டை கடித்தால் பிய்ப்பதில்லை... குடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறாள்!

போன வாரமும் போனோம். குகைக்கு வெளியே நின்றேன். உள்ளே அவள் கெஞ்சுவது கேட்டது. கால் வழியே ரத்தம் ஒழுக வெளியே வந்தாள்.

“நீங்க இல்லேன்னா எனக்கு இந்த வழி ஏது அண்ணாச்சி?”

வாயைத் திறந்தேன்.

“பாத்து எறங்கு தாயி” என்றுதான் வந்தது.