மனோஜ் வாங்கிய டோஸ்

போன வாரம் காலையில் பக்கத்து லைன் வீட்டு வாசலில் ஒரே சத்தம். கத்துவது வீட்டுக்கார சரோஜாக்கா. வாங்கிக் கட்டிக்கொள்வது குடியிருக்கும் மனோஜ். பீகார்ப் பையன். ஒரகடம் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்து நிற்கிறான்.

“இன்னாடா பண்ண உம் பொண்டாட்டிய? இட்லி குடுத்தா வேணாங்குது. தண்ணி குடுத்தா வேணாங்குது. உம்முனு குந்தினு கீது!”

நம்மூரில் ஒரு பெண் சாப்பிடாமல் உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? புருஷன் ஏதோ செய்துவிட்டான். அவ்வளவுதான்... விசாரணையே தேவையில்லை!

அக்காவின் விசாரணையை நானும் அனுபவித்தவன். கம்பெனிகள் வர ஆரம்பித்த புதிதில் தென்காசியிலிருந்து வந்து இதே வீட்டில் குடியிருந்தேன். வெளியூர்க்காரன் என்று ஊரெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

மனோஜுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனித் தமிழ். “அக்கா... பிராப்ளம் இல்ல... எல்லாம் ஓகே” என்றான். அக்காவுக்கு இன்னும் ஏறிவிட்டது. ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, மறு கையில் அவன் மனைவி சுனிதாவின் தாடை. ஊற்றியே தீருவது என்று முடிவு! அவள் வாயை இறுக மூடிக்கொண்டு, சத்தம் கேட்டு வந்து நின்ற என்னைப் பார்த்தாள். கண்ணில் பயம்.

என் இந்தி அரைகுறைதான், ஆனால் அன்றைக்குக் கைகொடுத்தது. மனோஜிடம் கேட்டேன். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சுனிதா சூரியனுக்கு நேர்ந்துகொண்டாளாம். சட் பூஜை என்று அவர்கள் ஊர் விரதம். சாயங்காலம் ஏரியில் நின்று மறைகிற சூரியனைக் கும்பிட வேண்டும், மறுநாள் காலை உதிக்கிற சூரியனை. அதுவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. பட்டால் நேர்ந்துகொண்டது போச்சு.

“நேர்த்திக்கடனா?” சொம்பு கீழே இறங்கியது. ஆடி தவறாமல் தீச்சட்டி எடுக்கிறவர் அக்கா. “முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?”

அதோடு விட்டாரா? அன்று லைன் வீட்டில் யாரும் வடைகூடச் சுடக்கூடாது என்று உத்தரவு. வாசனை வருமாம்! ஏரியில் எங்கே பள்ளம், எங்கே சேறு என்று பார்த்து, சாயங்காலம் சுனிதாவைக் கைப்பிடித்து இறக்கியதும் அவர்தான்.

மறுநாள் விடியற்காலை வந்தது சிக்கல். ஐப்பசி மேகம். சூரியனைக் காணோம்! தண்ணீரில் சுனிதா நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். உதடு காய்ந்து வெடித்திருக்கிறது. அவள் பக்கத்தில் நின்ற அக்கா வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

“யோவ், ஷிப்டுக்கு டைம் ஆவல உனுக்கு? பொண்ணு நின்னுகினு கீது. வாய்யா சீக்கிரம்!”

வந்தது... மேக இடுக்கில், கொஞ்சம்போல, சிவப்பாக. சுனிதா பழங்கள் அடுக்கிய முறத்தை உயர்த்தினாள். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அழுகிறார் என்று கரையிலிருந்தே தெரிந்தது.

நான் கரையில், பூஜைக்குக் கொண்டுவந்த கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார்.

“இன்னா நீ, வெளியூர்க்காரனாட்டம் வேடிக்க பாத்துகினு நிக்கற? எறங்கி வந்து நம்ம பொண்ணுக்குக் கரும்பப் புடி!”

பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். இந்த ஊரில் வெளியூர்க்காரன் இன்னும் நான் ஒருத்தன்தான் போல!