ஆமென் சொன்னதும் வைஃபை காணோம்

போன வாரம் செம்பாக்கத்தில் ஒரு சர்ச் கல்யாணம். லைவ் அனுப்புவது என் வேலை. கேமராவை லேப்டாப்பில் செருகி, வைஃபையில் நெட் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பார்க்கிறவர்களில் ஒருவர் முக்கியம். பெண்ணின் அப்பா. இடுப்பு எலும்பு முறிந்து கூடுவாஞ்சேரி வீட்டில் படுக்கை. "பொண்ணு முகம் தெரியணும்ப்பா... போதும்" என்று போனில் சொல்லியிருந்தார்.

தாலிக்கு முன் ஜெபம். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் லேப்டாப்பையும் மூடினேன்! ஞாயிறுகளில் பாட்டு வரி காட்டும்போது வந்த பழக்கம். ஜெபத்தில் திரை மின்னக்கூடாது. பாட்டு வரிக்கு நெட் தேவையில்லையே.

ஆமென். திறந்தேன். திரை வந்தது. கேமரா வந்தது. வைஃபை?

பெண்ணின் தம்பி டேனியல் ஓடி வந்தான்.

"இன்னாண்ணா, அப்பாவுக்குப் படம் நின்னுடுச்சாம்!"

"வைஃபை காணோம்."

"காணோமா? வாசல்ல வுட்ட செருப்பா அது?"

ரீஸ்டார்ட் போட்டேன். டேனியல் பாஸ்டர் காதில் ஏதோ சொன்னான். அவர் சபையை இன்னொரு பாட்டுப் பாடச் சொன்னார். கடைசிச் சரணத்தில் வைஃபை வந்தது. தாலி கட்டியதை அப்பா பார்த்துவிட்டார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். தூங்கி எழுந்தால் வராத வைஃபை, அணைத்துப் போட்டால் மட்டும் எப்படி வருகிறது?

தாம்பரத்தில் லேப்டாப் சர்வீஸ் செய்யும் ஷீலா அக்காவைக் கேட்டேன்.

"வைஃபை சிப்புக்குச் சொந்த ஞாபகம் கெடையாதுப்பா. கரண்ட் போனா தன் வேலையே மறந்துடும். எழுந்ததும் அதோட ப்ரோகிராமை மறுபடி ஊட்டணும். ஃபர்ம்வேர்னு பேரு."

"ஊட்ட வேண்டியதுதானே?"

"அது டிஸ்க்ல கீது. டிஸ்க் இன்னும் எழுந்துக்கல. அதுக்குள்ள இது கேக்குது. இல்லன்னதும் படுத்துடுது. ரீஸ்டார்ட்ல டிஸ்க் முதல்ல எழுந்துக்கும்."

"அப்ப இன்னா வழி?"

"தூங்கறதுக்கு முன்னாடியே லேப்டாப்போட மெமரில ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கணும். மெமரி தூங்காது. செட் பண்ணித் தரேன், குடு."

எல்லாம் தூங்கும்போதும் ஒன்று விழித்திருக்கிறது. இத்தனை வருஷம் மூடித் திறக்கிறேன்... எனக்குத் தெரியாது.

நேற்று பெண்ணின் அப்பா பேசினார்.

"எல்லாம் பார்த்தேன்ப்பா. ஜெபம்தான் கிடைக்கல."

"எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம் சார். பார்க்க ஒண்ணும் இல்ல."

"அவ மண்டி போட்டிருப்பா இல்ல? நான் கண்ணை மூடலப்பா."

இனி ஜெபத்தில் என் கண் மட்டும்தான் மூடும்.