பூனைக்கு ஒரு மோடா

எங்கள் வீட்டுப் பூனையிடம் அப்பா "வாங்க, சாப்டீங்களா?" என்றுதான் கேட்பார். அம்மாவைக் கூப்பிட அவருக்கு ஒரு "ஏய்" போதும். இதில் அம்மாவுக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சாயங்காலம் அப்பா கூடத்துச் சாய்வு நாற்காலியில் சாய்ந்ததும் பூனை அவர் மடியில் ஏறிக்கொள்ளும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் அப்பா இறந்துபோனார். நாற்காலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் காடாத் துணியில், அவர் தலை வைக்கும் இடத்தில் ஒரு எண்ணெய்க் கறை. துணியைத் துவைக்க அம்மா விடவில்லை, யாரையும் அதில் உட்காரவும் விடவில்லை. பூனை மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. சரியாக அந்தக் கறையின் மேலேயே நகம் தீட்டியது, பிறகு அதிலேயே முகத்தை வைத்துப் படுத்தது.

துணி நூல்நூலாகப் பிரிய ஆரம்பித்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"தோ பாருடி, ஒண்ணு இந்தத் துணி இருக்கணும், இல்ல அது இருக்கணும். ரெண்டும் ஒரே வீட்ல ஆவாது."

எனக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. பூனைக்கென்று தனியாக ஒரு ஆசனம் கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தேரடித் தெருவில் மரச்சாமான் கடை வைத்திருந்த பாயிடம் போய், பிரம்பில் பின்னிய மோடா ஒன்று பூனைக்காக வேண்டும் என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"கூட்டியாந்திருந்தீங்கன்னா உக்கார வச்சே பாத்துருக்கலாம். ஒசரம் ஜாஸ்தியா வேணுமா, கம்மியாவா?"

நகத்தால் ஒவ்வொரு மோடாவாகப் பிராண்டிப் பார்த்து நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்கு வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். வீட்டில் பூனை அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு நாற்காலிக்கே போய்விட்டது.

ஏறி விளையாட மரம் இருந்தால் நாற்காலியை விட்டுவிடும் என்று அடுத்த யோசனை. கிணற்றடியில் ஆள் உயரத்துக்கு ஒரு முருங்கைக் கிளையை வெட்டிப் போத்தாக நட்டு, இற்றுப்போன கிணற்றுக் கயிற்றை அதில் இறுக்கிச் சுற்றினேன். பூனைக்கு ஒரே குஷி. இரண்டாம் நாள் அது உச்சிக்கு ஏறியபோது போத்து பாதியில் ஒடிந்து, துவைக்கிற கல்மேல் விழுந்தது.

"முருங்க பெருத்தா தூணாவுமா?" என்றாள் அம்மா. பூனை ஆறுதல் தேடி நேராக நாற்காலிக்குப் போனது.

அதற்குமேல் அம்மாவுக்குப் பொறுமையில்லை. எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலைக்காரர். அவருடைய வைக்கோல் போரில் எலித் தொல்லை, அதனால் சந்தோஷமாகச் சாக்கோடு வந்தார். பூனைக்குத் திசை மறக்க வேண்டுமென்றால் சாக்கை மூன்று சுற்று சுற்றிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் தெரு வழக்கம். அம்மாவேதான் சுற்றினாள். சுற்றும்போதே அழுதாள், ஆனால் நிறுத்தவில்லை.

கறை பத்திரமாக இருந்தது. அம்மாதான் பத்திரமாக இல்லை. அப்பா போனதிலிருந்தே அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது. இப்போது பகலிலும் எழுந்து எழுந்து பின்கதவைத் திறந்து பார்த்தாள். கொட்டாங்குச்சியில் பால் ஊற்றி வைத்துவிட்டு, கேட்டால் "எறும்புக்கு" என்றாள். எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அப்போதெல்லாம் பௌர்ணமிக்கு மலை சுற்ற இன்றைக்குப் போலக் கூட்டம் வராது. அப்படி ஒரு பௌர்ணமி இரவில் வந்த கொஞ்சம் பேருக்குப் பின்னாலேயே பூனை நடந்திருக்க வேண்டும். மறுநாள் காலை, காலெல்லாம் செம்மண்ணும் ஒட்டிய வயிறுமாகப் பூனை வாசலில் நின்றது. பால் கொண்டுவந்தவர் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"சுத்தி வர்ற ரோட்டுல கொண்டும்போயி உட்டா, வராம எங்கம்மா போவும்?"

மலை சுற்றி வந்தவர்களை வாசலோடு அனுப்பும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. "சாமிய சுத்திட்டு வந்துருக்குது. இனிமே தொரத்துனா பாவம் நமக்குத்தான்" என்று அம்மா கதவை விட்டு விலகி நின்றாள். பூனை பாலைக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியில் ஏறிக் கறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வாசன எனக்கு மட்டும்தான் வேணும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

பூனையை இறக்கிவிட்டு நாற்காலியின் கட்டையை உருவித் துணியை எடுத்தாள். கத்தரிக்கோலோடு உட்கார்ந்தவள், கறைக்கு நட்டநடுவே வெட்ட ஆரம்பித்தாள். அவள் கையைப் பிடித்தேன்.

"என்னம்மா பண்ற?"

"உடுடி. அதுக்கும் பங்கு இருக்குது."

ஒரு பாதியை மோடாவின்மேல் விரித்தாள். மறுபாதியை மடித்துத் தன் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் விடிந்து வெகுநேரமாகியும், வாசலில் சைக்கிள் மணி அடித்து அடித்து ஓய்ந்தும், இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. நான்தான் சத்தம் போடாமல் போய்ப் பால் வாங்கினேன்.