அம்மன் தேருக்குச் சிவப்புக் கூலன்ட்

போன மாதம் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். இந்த வாரப் பத்தி அதைப் பற்றித்தான். பெருமைக்காக அல்ல... அன்றிலிருந்து வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் கை ஓட மறுக்கிறது.

பெல்மதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே அம்மன் கோவில் திருவிழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பத்திரிகையில் எழுதுகிற ஆள் என்றால் தோட்டத்தில் இன்னும் மரியாதை இருக்கிறது. நாற்காலி போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், அப்படியே ஓர் உபயமும் கேட்பார்கள். அதுதானே முறை?

அந்தக் கோவிலுக்குத் தேர் என்று தனியாக ஒன்று கிடையாது. கொழுந்து மூட்டை ஏற்றுகிற பழைய டிராக்டரைத் தோட்டத் துரையிடம் கேட்டு வாங்கி, கழுவி, பின்பெட்டியில் மூங்கில் கட்டி, வாழைமரமும் கலர் பல்புமாகச் சோடித்து, அதில் அம்மனை ஏற்றுவார்கள். ஓட்டுகிறவர் காப்புக் கட்டி, மச்சம் மாமிசம் விலக்கி, கோவிலிலேயே படுத்து விரதம் இருக்க வேண்டும். டிராக்டரும் ஏறக்குறைய விரதம்தான் — காப்புக் கட்டிய பிறகு அது கொழுந்து ஏற்றும். சாணியோ உரமோ ஏற்றாது.

இந்த வருடம் ஓட்டியவர் ராஜேந்திரன். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அதற்காக வைத்த நேர்த்தி: அம்மனை ஒரு தடவை தன் கையால் ஊர்வலம் கொண்டுபோய், திரும்பக் கோவில் வாசலில் இறக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

கோவில் தலைவர் என்னிடம் வந்தபோது பூமாலை, அன்னதானம், பந்தல் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. டிராக்டர்தான் மேட்டில் சூடாகிறதாம். ரேடியேட்டரில் இஞ்சினைக் குளிர்விக்கிற நல்ல கூலன்டாக ஊற்றிவிட்டால் அம்மன் நிம்மதியாகப் போய் வருவாள் என்றார். இதுவும் ஓர் உபயமா என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன்.

பெல்மதுளை சந்தியில் எனக்குப் பழக்கமான ஸ்பெயார் பார்ட்ஸ் கடை. கடைக்காரர் முஸ்லிம்; அண்ணன் முறையில் அவரை நான் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவேன். என்ன வண்டிக்கு என்று கேட்டார். அம்மன் தேருக்கு என்றேன். தேருக்குக் கூலன்ட் இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்று சிரித்தவர், இஞ்சின் புதுசா பழசா என்று கேட்டார்.

நான் எங்கே அதைக் காதில் வாங்கினேன்? கண் முழுக்க அலமாரியில். பச்சையில் ஒரு வரிசை, சிவப்பில் ஒரு வரிசை. என் காருக்கு ஊற்றுவது சிவப்பு. விலையும் அதற்குத்தான் கூட. அதோடு — இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது — சிவப்பு அம்மனின் நிறம். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

நானா மறுபடியும் இஞ்சினைப் பற்றிக் கேட்டார். “சாமி காரியம் நானா, ஒசத்தியானதாவே குடுங்க” என்றேன். சாமி காரியம் என்று சொன்ன பிறகு எந்த வியாபாரி குறுக்குக் கேள்வி கேட்பார்? எடுத்துக் கொடுத்தார்.

ராஜேந்திரன் கேனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், பிரசாதம் வாங்குவது போல. ரேடியேட்டரில் கிடந்த பழைய பச்சைத் தண்ணீரை அடியில் திறந்து விட்டார். இஞ்சினுக்குள் தங்கியிருந்தது தங்கியபடியே இருந்தது. மேலே என் சிவப்பை ஊற்றி, குறைந்ததற்குப் பீலிக் குழாயில் பிடித்த தண்ணீரை விட்டு நிரப்பினார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான். நல்லாப் போடுங்க என்று உற்சாகம் வேறு கொடுத்தேன்.

திருவிழா அன்று ஒலிபெருக்கியில் உபயகாரர் பெயர்களை வாசித்தார்கள். மாலை, சோறு, பந்தல்... அதற்குப் பிறகு, “வாகனத்துக்குக் கூலன்ட் உபயம்” என்று என் பெயரைப் பட்டம் பதவியோடு சொன்னார்கள். கூட்டம் கை தட்டியது. நான் எழுந்து கும்பிட்டேன். கூலன்ட் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கும்பிட்ட மனிதன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊர்வலம் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்து மேட்டில் ஏறியது. தப்படிக்கிறவர்களின் நடைக்கு டிராக்டரும் நகர வேண்டும். அந்த வேகத்தில் எந்த இஞ்சினுக்குக் காற்று பிடிக்கும்? முன்னால் புகை கிளம்பியபோது முதலில் எல்லோரும் சாம்பிராணி என்றுதான் நினைத்தோம். சிலர் கும்பிடக்கூடச் செய்தார்கள். பிறகு சீறிக்கொண்டு ஒரு சத்தம். டிராக்டர் நின்றது. அடியிலிருந்து சிவப்பாக ஏதோ வழிந்து, தப்படிக்கிறவர்களின் கால் வரைக்கும் ஓடி வந்தது.

தப்பு நின்றுவிட்டது. ரத்தம் என்று யாரோ சொன்னார்கள். ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது. அவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, “கை சுத்தமில்ல... ஓட்டுறவன் கை சுத்தமில்ல” என்றாள்.

அத்தனை பேரும் ராஜேந்திரனின் கைகளைப் பார்த்தார்கள். அவரும் பார்த்துக்கொண்டார். தலைவர் வந்து மெதுவாகத்தான் சொன்னார், இறங்கச் சொல்லி. காப்பை அங்கேயே அவிழ்த்தார்கள். பொடியன்கள் அம்மனைத் தோளில் ஏற்றிக் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். அவர் பின்னால் போகவில்லை. டிராக்டரைப் பிடித்தபடி நின்றார். குழந்தையோடு வந்திருந்த அவர் மனைவி, யார் முகத்தையும் பார்க்காமல் லயத்துக்குத் திரும்பினாள்.

அது என் கூலன்ட் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மைக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நழுவிய பொன்னாடையைச் சரிசெய்துகொண்டேன்.

மறுநாள் டிராக்டரை இழுத்துப்போன கராஜுக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கிற சிங்கள மெக்கானிக் பாஸ் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டார். பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. “மொகக்த மே?” என்றார். என்ன இது என்று அவர் கேட்டதற்கு, மூன்று மொழியும் தெரிந்த நான் விரலைத் துடைத்துக்கொள்ள என் கைக்குட்டையை நீட்டினேன்.

அங்கிருந்து நேரே கடைக்கு. விஷயத்தைக் கேட்டதும் நானா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பழசுக்கு வேற கூலன்ட் ஈக்கி, புதுசுக்கு வேற கூலன்ட் ஈக்கி. அதுக்குத்தானே நான் ரெண்டு தரம் கேட்டேன்” என்றார்.

அவர் விளக்கியதை, பழைய டிராக்டர் வைத்திருக்கிற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பழைய ரேடியேட்டர் பித்தளையும் செம்புமாக, ஈயப் பற்றுவைத்தது. அதற்குப் பழைய வகைக் கூலன்ட்தான் ஒத்துவரும். அதிலும் டிராக்டர், லொறி டீசல் இஞ்சினுக்கு என்று எழுதியிருப்பதை வாங்க வேண்டும். பெரும்பாலும் பச்சையாக இருக்கும். ஆனால் நிறத்தை நம்பக் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் இருப்பதையும் இஞ்சின் புத்தகத்தில் இருப்பதையும் வாசிக்க வேண்டும். புதிய கார்களுக்கு வருகிற நீண்டநாள் வகையைப் பழைய பச்சையோடு கலந்தால் சில நேரம் இப்படிக் கூழாகி அடைத்துக்கொள்ளும். வகை மாற்றுவதென்றால் இஞ்சினுக்குள் இருப்பதையும் முழுக்கக் கழுவ வேண்டும். பீலித் தண்ணீர் வேண்டாம், பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீர் போதும்.

வாசிப்பதுதான் என் தொழில் என்று ஊருக்குள் பெயர். நான் டப்பாவில் வாசித்தது நிறத்தை மட்டும்.

தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவர்களிடம், “பாத்தீங்களா சாரோட மனச? அந்த ஆளு மேல பழி வராம இருக்கத் தன் மேல போட்டுக்கிறாரு” என்றார். அவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மைக்கைக் கேட்டேன். திருவிழா முடிந்ததும் ஒலிபெருக்கிக்காரர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு எம்பிலிப்பிட்டியவுக்குப் போய்விட்டாராம். பரிகாரம் சொல்லியாகிவிட்டது, நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று எனக்கு ஆறுதல் வேறு.

பரிகாரம் என்னவென்று வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். மழை பெய்து சேறாகிக் கிடந்த கோவில் வளவில் ராஜேந்திரன் உருண்டுகொண்டிருந்தார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஊற்றச் சொன்னதற்கு அவர் உருள்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்ததும் சொன்னேன். அது ரத்தமுமில்லை, குற்றமுமில்லை, நான் வாங்கிக் கொடுத்தது என்று.

“தெரியுங்க சார். ஊத்துனவன் நாந்தானே” என்றார்.

அப்படியானால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

காதில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: “மைக்குல ஒங்க பேரச் சொல்லிட்டாங்களே சார். அதுக்கப்புறம் நான் எப்புடிச் சொல்றது?”

அவர் திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ஒலிபெருக்கி போய்விட்டது. என்னிடம் இருக்கிற மைக் இந்தப் பத்திதான். அந்தத் தோட்டத்தில் இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து நாலு பேருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ராஜேந்திரனின் கை சுத்தமானது. அடுத்த வருடம் காப்பை அவருக்கே கட்டுங்கள்.

அம்மன் நடுவழியில் நின்றது... உபயம்: அடியேன்.