அரைப் புள்ளியை விழுங்கிய நிரல்

ஏஐ ஏஜென்ட் நிரல் எழுதும், மனிதர்கள் "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துவார்கள். இப்போதைக்கு எங்கள் தொழில் இவ்வளவுதான். அப்படி எழுதி அழுத்தப்பட்ட ஒரு நிரல், காரைக்குடி உமையாள் ஆச்சியின் மகள் கல்யாணத்தை அவர்கள் சொந்த வீட்டிலேயே நடக்கவிடாமல் செய்துவிட்டது. நான் எம்.சி.ஏ. கடைசி வருடம். ப்ராஜெக்டுக்காக அந்தச் சின்னக் கம்பெனியில் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், பொத்தான் கொடுக்கவில்லை. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டிருப்பவர்களே, கேளுங்கள். நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு "சரி"

ஆச்சி குடும்பத்துப் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான பெரிய வீடு அது. அவர்கள் வீட்டு விசேஷமெல்லாம் அங்கேதான். மற்ற நாட்களில் போட்டோ ஷூட்டுக்கு வாடகைக்கு விடுவார்கள். யாருக்கு எந்த நாள் என்று ஒதுக்க ஒரு செயலி கேட்டார், வீட்டைக் கவனித்துக்கொள்ளும் சொக்கலிங்கம் அண்ணன். பங்காளிகளின் புள்ளிக் கணக்கை வாங்கிக்கொண்டு, அவருடைய தேவைகளைப் போனில் கேட்டதும் எங்கள் ஏஜென்ட்தான். "அதிகப் புள்ளி உள்ள குடும்பத்துக்கு முன்னுரிமை தரலாமா? புள்ளி இல்லாதவர்களின் நாளை வாடகைக்கு விடலாமா?" என்று அது கேட்க, அவர் "சரி…" என்று இழுத்தார்.

அந்த "சரி"க்கு நம் ஊரில் என்ன அர்த்தம்? காதில் விழுகிறது, மேலே சொல்லு என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் "ஆனா" வரும். அந்த "ஆனா" வருவதற்குள் ஏஜென்ட் நன்றி சொல்லி வைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் செயலியும் தயார். மறுநாள் பதறிக்கொண்டு வந்தவரிடம், "நீங்க சம்மதிச்சது பதிவுல இருக்குண்ணே, பின்னால மாத்திக்கலாம்" என்றார் எங்கள் முதலாளி கண்ணன் சார். அண்ணன் கேட்டார்: "ஏம்ப்பா, ம் கொட்டுனதுக்கெல்லாம் வீட்டை எழுதி வாங்கிக்கிருவீகளா?"

புள்ளி என்றால்

நகரத்தார் வழக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப் புள்ளி. (ஒருத்தர் போனால் மிச்சமிருப்பவர் பாதியா என்று எனக்கு இதிலேயே சண்டை உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.) ஏஜென்டுக்குத் தெரிந்த புள்ளியோ மதிப்பெண். பின்னம் எதற்கு என்று அரையை வெட்டி, கீழே இருக்கும் முழு எண்ணாக்கிவிட்டது. கணவரை இழந்த உமையாள் ஆச்சி பூஜ்யமாகிப் போனார். தை மாதம், காலை முகூர்த்தத்துக்கு என்று அவர் முதலிலேயே கேட்டு வைத்திருந்த நாள், யாரோ ஒரு ஷூட்டிங் பார்ட்டிக்குப் போய்விட்டது.

பொத்தான் வைத்திருக்கும் பிரபுவிடம் ஓடினேன். "இதைப் படிச்சுட்டுத்தான் அழுத்தினீங்களா?" நிரல் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டதாம். அந்தச் சோதனைகளை எழுதியது யார்? அதே ஏஜென்ட். தான் புரிந்துகொண்ட தப்பையே கேள்வியாக்கி, தானே பதிலும் எழுதி, தானே மார்க்கும் போட்டுக்கொண்டிருக்கிறது. இதை நான் கத்திச் சொன்னபோது பிரபு திரையைக் காட்டிச் சிரித்தார்: "டெஸ்ட் எல்லாம் பச்சையா இருக்கு ஸ்டெல்லா, நீ ஏன் செவந்து போய் நிக்கிறே?"

இன்னொரு ஏஜென்ட்

நானே ஏஜென்டிடம் விளக்கினேன். அழகாக மன்னிப்புக் கேட்டது, நுட்பமாகக் கவனித்ததற்கு என்னைப் பாராட்டியது, திருத்தியும் விட்டது, பிரபுவும் பொத்தானை அழுத்தினார். மறுநாள் அந்தத் திருத்தத்தைக் காணோம். நிரலைச் சுத்தப்படுத்துவதற்கென்றே வைத்திருக்கும் இன்னொரு ஏஜென்ட், "தேவையற்ற விதிவிலக்கு" என்று கூட்டித் தள்ளியிருந்தது. அரைப் புள்ளிக்கும் வீட்டில் உரிமை உண்டு என்பது மனிதர்கள் மனசில் இருக்கிறது. நிரலில் அந்தக் காரணம் எங்கேயும் இல்லை.

கண்ணன் சாரிடம் வாதாடினேன். ஒவ்வொரு விதியும் எதற்காக என்று முதலில் மனிதர்கள் எழுதட்டும். அவர்களைக் கேட்காமல் எந்த ஏஜென்டும் அதில் கை வைக்கக்கூடாது. இது பெரிய ஆசையா? அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எல்லாத்துக்கும் மனுசன் உக்காந்துக்கிட்டு இருந்தா, அப்பறம் எதுக்கும்மா ஏஜென்ட்?"

நேரில் வந்தார்

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டிய வாரத்தில் ஆச்சியே ஆபீசுக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "எம் பேரை எடுத்தது யாரு?" கண்ணன் சார் பிரபுவைப் பார்த்தார். பிரபு திரையைப் பார்த்தார். செயலி ஏற்கெனவே உறுதி சொல்லிவிட்டதால் ஷூட்டிங்காரர்கள் நாளை விட்டுத்தர மறுக்கிறார்கள் என்று கூட வந்திருந்த சொக்கலிங்கம் அண்ணன் கையைப் பிசைந்தார்.

"ஏஜென்ட் எடுத்த முடிவு ஆச்சி" என்று முனகினேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. ஆச்சி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நா அழுக வரலை தம்பிகளா. சண்டை போட ஒரு ஆளைக் காமிங்க, போதும்."

பதில்

காட்ட ஆள் இல்லாததால், செயலியிலேயே முறையிடச் சொன்னார் கண்ணன் சார். அரைப் புள்ளிக்கும் வீட்டில் உரிமை உண்டு என்று ஆச்சி சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கண் இமைப்பதற்குள், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாத தமிழில் அது பதில் சொன்னது: "தங்கள் கோரிக்கை மிகுந்த பரிவுடன் பரிசீலிக்கப்பட்டது, அரைப் புள்ளிக்கு உரிய அரை நாள், அன்று பிற்பகலில் தங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது."